டி செல் எப்போது கிளம்பும்?

உடலுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை, நோய் எதிர்ப்புச் செல்களில் ஒன்றான டி செல்லால் நேரடியாகப் பார்க்க முடியாது. தொற்றுக்குள்ளான செல் தன்னுள் இருக்கும் புரதங்களை நறுக்கி, சுமார் ஒன்பது அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளை எம்எச்சி என்ற மூலக்கூறில் பொருத்தி வெளியே காட்டுகிறது. துணுக்கையும் அதை ஏந்தும் எம்எச்சியையும் சேர்த்தே டி செல்லின் ஏற்பி இனம் காண்கிறது. 1974இல் கான்பெராவில் எலிகளை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டிய பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் இருவருக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அடையாளம் மட்டும் போதாது. நம் சொந்தப் புரதங்களின் துணுக்குகளும் இதேபோல் வெளியே வருகின்றன. அவற்றைப் பார்த்தே டி செல் கிளம்பிவிட்டால் உடல் தன்னையே தாக்கும். எனவே இரண்டாவது சமிக்ஞையும் தேவை. டி செல்களுக்குத் துணுக்குகளைக் காட்டும் டென்ட்ரிடிக் செல், கிருமியை உணர்ந்ததும் நிணநீர்க் கணுவுக்கு வந்து, தன் மேல் பி7 மூலக்கூறுகளைப் பெருக்கிக்கொள்கிறது. அவை டி செல்லின் மேலுள்ள சிடி28 என்ற ஏற்பியைப் பற்றினால்தான் தாக்குதல் தொடங்கும். முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்த டி செல் முடங்கிப்போகும்.

இந்த ஏற்பாட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் அது தெரிந்தது. டிஜிஎன்1412 என்ற மருந்து, சிடி28ஐப் பிடித்து, முதல் சமிக்ஞை இல்லாமலே டி செல்லைத் தூண்டக்கூடியது. நோய் எதிர்ப்பை அடக்கி ஆளும் டி செல்களைப் பெருக்கி, முடக்குவாதம் போன்ற நோய்களைத் தணிப்பதே நோக்கம். முன்னதாக இதைக் கொடுத்துச் சோதித்த குரங்குகளுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. அவற்றுக்குக் கொடுத்த அளவில் 500இல் ஒரு பங்குதான் ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தப்பட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கடும் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல். எந்தத் துணுக்கு என்ற கேள்வியே இல்லாமல் டி செல்கள் கூட்டமாகக் கிளம்பி அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைக் கொட்டின. அறுவருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. உயிர் பிழைத்தார்கள்; ஒருவர் கால்விரல்களை இழந்தார். மனிதரின் சில நினைவு டி செல்களில் இருக்கும் சிடி28 அந்தக் குரங்குகளின் அதே வகைச் செல்களில் இல்லை என்பது பின்னர்தான் தெரியவந்தது.

அந்த வேறுபாட்டை முன்கூட்டி அறிவது கடினம்தான். ஆனால் சுமார் பத்து நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஊசி ஏற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாமவரை இரண்டு மணி நேரம் கவனித்திருந்தால் மற்ற ஐவரும் தப்பியிருப்பார்கள். 2007இல் ஐரோப்பிய மருந்து முகமை வெளியிட்ட வழிகாட்டு நெறி இதையே வலியுறுத்தியது: ஆபத்து மிகுந்த புதிய மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, போதிய நேரம் காத்திருந்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்; தொடக்க அளவை நிர்ணயிக்கும்போது, மனித செல்லில் விளைவு தென்படும் மிகக் குறைந்த அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.