முப்பது நாள் இந்தி, வினை முந்தும் ஐரிஷ்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன் கடையில் ‘30 நாட்களில் இந்தி’ வகைப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். தமிழ்ப் பொருள், இந்தி எழுத்து, பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்பு. இந்தி வாக்கியமும் நம்முடையதுபோல வினையில் முடிவதால் பாதி வேலை மிச்சம். ஒரே ‘க’வுக்கு நான்கு எழுத்து என்பதில்தான் நாக்கு மல்லுக்கட்டும்.

அயர்லாந்தின் ஐரிஷ் மொழிக்கும் ‘டீச் யுவர்செல்ஃப் ஐரிஷ்’ என்ற புத்தகம் 1961-ல் வந்தது. 2014 முதல் டூயோலிங்கோ செயலியிலும் படிக்கலாம். ஆனால் ஐரிஷில் வினைதான் முதலில். ‘போனேன் நான் மதுரைக்கு’ என்றே தொடங்க வேண்டும். புத்தகம் வைத்திருப்பதைச் சொல்லவோ, ‘இருக்கிறது புத்தகம் என்னிடம்’. நாமும் ‘என்னிடம் இருக்கிறது’ என்றே சொல்வதால், இந்த இடத்தில் ஆங்கிலேயரைவிட நமக்குச் சுலபம்!