இளகும் குழாயும் இறுகும் ஆணியும்

பொல்கொல்லவில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், 1976-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவெலவுக்கு வந்து, மின்சாரம் விளைவித்தபின் சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கையோடு சேர்ந்து நாவுலப் பிரதேசத்துப் போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. இப்பெருஞ்செயலைப் புகழ்வோர் பலர். மேட்டுத் தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் பிளாஸ்டிக் குழாயை வால்வோடு பிணைக்கும் 'பிளாஞ்ச்' என்ற வட்ட விளிம்பைப் பற்றிப் பேசுவோரோ அரியர்.

60 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டியின் நீர், அடிவாரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ வீதம் அழுத்தும். 100 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயில் அது ஏறக்குறைய 470 கிலோ பலமாகி, இணைப்பைப் பிரிக்க முயலும். அதையும் தாங்கி, நடுவிலுள்ள ரப்பர் வாசரையும் அமுக்கி வைத்திருப்பதே போல்ட்டுகளின் கடமை. இரும்பு விளிம்பானால் இறுக்கிய இறுக்கம் பெரிதும் நிலைக்கும். பிளாஸ்டிக்கோ ஓயாத அழுத்தத்தின்கீழ் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும் சுபாவமுடையதாகையால், போல்ட்டின் பிடி தானாகவே தளரும்.

கசிவைக் கண்டவுடன் ஸ்பானரின் பிடியில் ஒரு பைப்புத் துண்டைச் செருகி, நீளங்கூட்டி, உடல் பாரம் முழுவதையும் போட்டு முறுக்குவது நம்மவர் வழக்கம், பி.வி.சி. விளிம்பு கழுத்தோடு வெடிப்பது பெரும்பாலும் அந்த வேளையில்தான். வாசர் போல்ட்டுத் துளைகளுக்கு உட்புறம் மட்டும் கிடந்தால், முறுக்க முறுக்க விளிம்பின் வெளியோரம் வளையும். ஆகவே, பி.வி.சி. விளிம்புக்கு முகம் முழுவதையும் மூடும் மென்மையான ரப்பர் அவசியம். முகத்தின் நடுப்பகுதி புடைத்த இரும்பு வால்வோடு சேர்க்கையில் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்.

பாலிதீன் குழாய்க்கு உபாயம் வேறு. குழாயின் நுனியில் தடித்த கழுத்தொன்றை உருக்கி ஒட்டி, அதன் பின்னே தனியாகச் சுழலும் உருக்கு வளையத்தை மாட்டுவார்கள். போல்ட்டின் பாரத்தை அவ்வளையம் ஏற்றுக் கழுத்தின் மேல் சமமாகப் பரப்பும், துளைகளை நேர்ப்படுத்தத் திருப்பவும் இடங்கொடுக்கும். போல்ட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக, முறுக்களவு காட்டும் ஸ்பானரால் இறுக்கி, சில மணி நேரம் இளக விட்டு, நீரழுத்தம் ஏற்றுமுன் மறுமுறை அதே அளவுக்கு இறுக்குவர்.

உஷ்ணமும் ஒரு சத்துரு. 20 பாகை மாறினால் 10 மீட்டர் இரும்புக் குழாய் நீள்வது இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு; பாலிதீனோ ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். வெயிலில் கிடக்கும் குழாய்க்கு அசைய இடமும், வால்வுக்குத் தனித் தாங்கலும் இல்லையேல், அந்நீட்சியும் வால்வின் பாரமும் ஒருங்கே விளிம்பின் கழுத்தில்தான் விழும்.