இரக்கம் இருக்கிறது, நீதி எங்கே?



நாசரேத்து தொழுகைக்கூடத்தில் இறைவாக்கினர் எசாயாவின் சுருளேடு இயேசுவிடம் கொடுக்கப்படுகிறது. ஏழைகளுக்கு நற்செய்தியையும் ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலையையும் அறிவிக்கும் பகுதியை அவர் வாசிக்கிறார். அந்த வாக்கு அன்றே நிறைவேறிற்று என்கிறார் (லூக் 4:16-21). தம் பணி எது என்பதை அவர் ஊரறியச் சொன்ன நாள் அது.

நாமோ, சமூக நீதியைப் பங்கின் பல வேலைகளுள் ஒன்றாக நினைக்கிறோம். பாடகர் குழு, பீடச்சிறார், வின்சென்ட் தே பவுல் சபை என்ற வரிசையில் அதுவும் ஒன்று. ஆனால் 1971ஆம் ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பிலிருந்து பிரிக்க முடியாத கூறு என்று கற்பித்தது. விரும்பினால் செய்யலாம் என்று ஒதுக்கிவைக்கக் கூடியது அல்ல அது.

இரக்கமும் நீதியும் உடன்பிறப்புகள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கைம்பெண் ஒருவருக்கு மாதந்தோறும் அரிசி கொடுக்கிறோம், அது இரக்கம். அவருடைய உதவித்தொகை ஏன் நின்றுபோனது என்று கேட்டு, அவரோடு தாலுகா அலுவலகப் படியேறுகிறோம், அது நீதி. முதலாவதைச் செய்தால் நம்மைப் பாராட்டுவார்கள். இரண்டாவதைச் செய்தால் நம்மையே கேள்வி கேட்பார்கள்.

அந்தக் கேள்வி நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். உழைப்பவருக்கு நியாயமான கூலி உரிமை என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதினார். நம் கோவில்பிள்ளைக்கும், ஆலயத்தைப் பெருக்கும் அம்மாவுக்கும், பங்குப் பணியாளர் இல்லத்தில் சமைப்பவருக்கும் நாம் கொடுக்கும் ஊதியத்தில் ஒரு குடும்பம் வாழ முடியுமா? கொடுக்கப்படாத கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்கிறார் யாக்கோபு (5:4).

இன்னும் ஆழமான காயம் ஒன்று உண்டு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்கான உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து அரசிடம் நீதி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும், சில தெருக்களுக்குத் திரும்பாத தேரும் நம்மிடையே இருந்தால், நாம் எந்த முகத்தோடு கேட்பது? செல்வருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையை யாக்கோபு கடிந்துகொண்டது (2:1-4) நமக்கும்தான்.

அப்படியானால் என்ன செய்வது? பங்குப் பேரவையின் ஒவ்வொரு கூட்டத்திலும், நம் எல்லைக்குள் உரிமை மறுக்கப்பட்டவர் யார் என்ற கேள்வி முதலில் எழட்டும். அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தைப் பகிர்வு அந்தத் தெருவின் பிரச்சினையையும் தொடட்டும். திருவிழாச் செலவைத் திட்டமிடும் முன், பணியாளர் ஊதியம் சரிசெய்யப்படட்டும். தேரும் கல்லறையும் எல்லாருக்கும் பொதுவாகட்டும்.

இதற்கு விலை உண்டு. சிலர் முகம் சுளிப்பர். சிலர் நன்கொடையை நிறுத்துவர். நாசரேத்து மக்களும் இயேசுவை மலை உச்சியிலிருந்து தள்ளிவிட முயன்றார்கள். அவரோ அவர்கள் நடுவே கடந்து, தம் வழியே போனார். அந்த வழியில் நடக்கும் துணிவை நம் பங்குக்கும் தரும்படி மன்றாடுவோம். ஆமென்.