ஒரே மின் இணைப்பில் பல மோட்டார்கள்

கோயிலுக்கு மோட்டார் வாங்கித் தரும் மெய்யன்பர்களுக்கு, ஜாசின் வட்டாரத்தில் வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விழைகிறேன். கிணற்றுப் பம்பு, மடைப்பள்ளி மாவு அரைக்கும் மிஷின், மின்மேளம் மூன்றையும் ஒரே சாக்கெட்டில் மாட்டுவது ஆபத்து. மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிட ஆறேழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். பூசை வேளையில் எல்லாம் சேர்ந்து புறப்பட்டால் விளக்கு மங்கும், பிரேக்கர் விழும்.

ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் வேண்டும். அது கம்பியைத்தான் காக்கும். திணறும் மோட்டாரைக் காப்பது, அதன் தகட்டிலுள்ள ஆம்பியருக்கு அமைத்த ஓவர்லோட் ரிலே. பம்புக்கும் மிஷினுக்கும் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் அவசியம். போன கரண்டு திரும்பும்போது மிஷின் தானாக ஓடாது. உள்ளே கைவிட்டு மாவு வழிப்பவர் நம் தாய்மார்களல்லவா! மின்மேளம் சின்னது, பிரேக்கரே போதும். ஈரக்காலுடன் நிற்கும் இடமாதலால் எர்த்தும் மின்கசிவு பிரேக்கரும் கட்டாயம். மோட்டார் தருபவர் ஸ்டார்ட்டருக்கும், பதிவுபெற்ற வயர்மேன் கூலிக்கும் சேர்த்தே தந்தால் நலம்.