தமிழ் 99 விசைப்பலகை

தமிழ் 99 என்பது கணினியில் தமிழை உள்ளிடுவதற்கான விசைப்பலகை அமைப்பு ஆகும். பெப்ரவரி 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து உருவாகி, அதே ஆண்டு சூன் மாதத்தில் தமிழ்நாடு அரசால் ஏற்பளிக்கப்பட்டது.

அமைப்பு

12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளும் ஷிஃப்ட் விசையின் துணையின்றிக் கிடைக்கின்றன. 216 உயிர்மெய்களுக்கு எனத் தனி விசைகள் இல்லை. உயிர்கள் இடக்கையிலும், ங, வ நீங்கலாக மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளமையால், உயிர்மெய்யை எழுதும்போது இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன ஆகிய இன எழுத்துகள் அடுத்தடுத்த விசைகளில் உள்ளன. இலக்கணம் அறிந்தவருக்கு இதனை மனப்பாடம் செய்வது கடினமன்று.

தானியங்கிப் புள்ளி

இவ்வமைப்பின் சிறப்பு இதுவே எனலாம். மெய்விசையை அழுத்தினால் அகரமேறிய எழுத்து தோன்றும். அதே விசையை மீண்டும் அழுத்தினால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரினும் அவ்வாறே. எடுத்துக்காட்டாக, தேனி மாவட்டத்திலுள்ள சுருளிப்பட்டி என்னும் ஊர்ப்பெயரை ச, உ, ர, உ, ள, இ, ப, ப, ட, ட, இ என 11 விசைகளில் எழுதலாம். புள்ளி விசை தேவையில்லை. ஆங்கில எழுத்துகளின் வழி எழுதும் அஞ்சல் முறையில் 12 விசைகளும், ளகரத்திற்கு ஷிஃப்ட் விசையும் வேண்டும். கம்பம் என்பதற்கு க, ம, ப, ம ஆகியவற்றுடன் இறுதியில் மட்டும் புள்ளி விசை.

புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகரத்தை அழுத்த வேண்டும். பப்பாளி என்பதை ப, அ, ப, ப, ஆ, ள, இ என எழுதுக. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

பயன்பாடு

தட்டச்சுப் பொறியில் பழகியோர் பழைய தட்டச்சு அமைப்பையும், ஆங்கில விசைப்பலகையில் பழகியோர் ஒலிபெயர்ப்பு முறையையும் எளிதில் கைவிடவில்லை. பின்னதில் தமிழ்ச் சொல்லை எழுதவும் மனத்துள் ஆங்கில எழுத்துக்கூட்டல் தேவைப்படுகிறது. தமிழை மட்டுமே அறிந்த சிறாருக்கு இது வீண்சுமை. சில நாட்கள் பழகினால் தமிழ் 99 இல் அச்சுமை நீங்கும்.

அதே மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்கள் ஒருங்குறியின் வரவால் வழக்கிழந்தன. விசையமைப்போ குறியாக்கத்தைச் சாராதது, ஆகவே நிலைத்தது. 2013 இல் வெளிவந்த ஐஓஎஸ் 7 இயங்குதளத்திலும் இது இடம்பெற்றது.