கதவைத் தூக்கிப் பாருங்கள்!

மாதுங்காவில் ஆஸ்திக சமாஜக் கோயில் தரிசனத்தை முடித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் என் பக்கத்தில் அம்மா. எண்பத்திரண்டு வயது. மடியில் பிரசாதப் பொட்டலம். கிங்ஸ் சர்க்கிளை வளைத்துத் திருப்பும்போது இடப்பக்கக் கதவிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கதவு இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே வந்து, அங்கேயே நின்றது.

"ஏண்டா, காத்து வரதே?" என்றாள் அம்மா, ஒன்றுமே நடக்காதது போல.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். எங்கள் கார் 1976 மாடல் பிரீமியர் பத்மினி. அதில் சீட் பெல்ட் கிடையாது. முன் சீட்டு பெஞ்சு போல நீளமாக இருக்கும். கதவு முழுவதும் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பத்மினியைப் பற்றி இந்த ஊர்த் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் குர்லாவிலேயே தயாரான வண்டி. ஃபியட் 1100 என்று வந்து, 1974-இல் பத்மினி என்று பெயர் பெற்றது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலம் அது. ஸ்டெனோவாக இந்த ஊருக்கு வந்த என் அப்பாவும் அப்படித்தான் காத்திருந்து வாங்கினார். "கதவைச் சாத்தணும், அறையக் கூடாது" என்பது எங்கள் வீட்டில் அவர் போட்ட சட்டம். கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளில் கடைசி வண்டி பதிவானது 2003 அக்டோபரில். டாக்ஸிக்கு இருபது வருஷம்தான் ஆயுள் என்பதால், 2023 அக்டோபரோடு அவையும் தெருவை விட்டுப் போயின. வீட்டு வண்டிகள் மட்டும் எங்களைப் போன்ற சிலரிடம் மிச்சம்.

கதைக்கு வருகிறேன். அந்தக் கதவு சரியாகச் சாத்த வராமல் ஆறு மாதமாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். கதவு வந்து மாட்டிக்கொள்வதற்காக நடுத்தூணில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறதல்லவா, 'ஸ்ட்ரைக்கர்' என்பார்கள். அதன் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் கீழே இறக்கி முடுக்கினார்கள். பத்தே நிமிஷ வேலை. கதவு சாத்திக்கொண்டது. எனக்கும் சந்தோஷம். இரண்டு மாதத்தில் பழையபடி ஆயிற்று. மறுபடியும் இறக்கினார்கள். மூன்றாவது முறை இறக்க இடமே இல்லை. அதன் பிறகுதான் கிங்ஸ் சர்க்கிள் சம்பவம்.

குர்லாவில் பழைய ஃபியட் வண்டிகளிலேயே தலை நரைத்த ஒரு மிஸ்திரி இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்ல, அவரிடம் போனேன். அவர் கையில் ஸ்பானரையே எடுக்கவில்லை. கதவைப் பாதி திறந்தார். கைப்பிடிப் பக்கத்து ஓரத்தை அடியில் பிடித்து மேலே தூக்கினார். கதவு 'கடக்' என்று ஆடியது. பிறகு என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்: "வீட்டில் வயசானவங்க இருக்காங்களா, சாப்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இருக்காங்க. ஏன்?"

"இந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருப்பாங்க."

உண்மைதான். இப்போது அம்மா. அவளுக்கு முன்னால், முழங்கால் வலி வந்த பிறகு பத்து வருஷம் அப்பா. கதவை அறையவே கூடாது என்ற மனிதர், தம் முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்திருந்தார். கதவின் எடை முழுவதையும் தாங்குவது முன்பக்கம் இருக்கும் இரண்டு கீல்கள். இங்கே 'கப்ஜா' என்பார்கள். கதவில் ஆள் தொங்கினால் மேல் கீலின் ஆணி தேயும். ஆணி தேய்ந்தால் கதவின் பின் ஓரம் தொங்கிப்போகும். அந்த ஓரத்தில்தான் பூட்டு இருக்கிறது. பூட்டும் ஸ்ட்ரைக்கரும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. நோய் கீலில். நாங்கள் மருந்து போட்டது ஸ்ட்ரைக்கருக்கு!

கார்க் கதவின் பூட்டு பொதுவாக இரண்டு கட்டமாகப் பிடிக்கும். முதல் 'டிக்'கில் பாதிப் பிடி, இரண்டாவதில் முழுப் பிடி. எங்கள் கதவு ஒழுங்காகக் கவ்வாமல் விளிம்பில் நின்றிருக்கிறது. திருப்பத்தில் முழுப் பிடி விட்டுவிட்டது. அம்மாவைக் காப்பாற்றியது அந்தப் பாதிப் பிடி. இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. பத்மினியின் முன் கதவுக்குக் கீல் முன்பக்கம். ஓடும் வண்டியில் காற்று கதவை உள்ளே தள்ளும். 1950-களில் ஓடிய 'டுக்கர்' ஃபியட்டில் முன் கதவின் கீல் நடுத்தூணில் இருந்தது. அதில் பூட்டு விட்டால் காற்றே கதவைப் பிய்த்துத் திறந்துவிடும்.

மிஸ்திரி செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். எந்தப் பழைய காருக்கும் இது பயன்படும்.

முதலில் கீல். தேய்ந்த ஆணிகளைத் தட்டி எடுத்து, துளையைச் சரிசெய்து, கொஞ்சம் பருமனான ஆணி போட்டார். கதவு தன் இடத்துக்கு உயர்ந்தது. சுற்றிலும் உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, கதவின் கோடு பின் கதவின் கோட்டோடு சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது பூட்டு. பழைய கிரீஸ் காய்ந்து கோந்து மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயால் கழுவி, புது கிரீஸ் தடவினார். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் பூட்டைத் தள்ளி, இரண்டு 'டிக்'கும் கேட்கிறதா, கைப்பிடியை அழுத்தினால் உடனே விடுகிறதா என்று சோதித்தார். சோதித்த பின் பூட்டை விடுவிக்க மறந்து கதவைச் சாத்தினால் பூட்டே நசுங்கிவிடும்.

கடைசியாகத்தான் ஸ்ட்ரைக்கர். அது இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். ஸ்க்ரூக்களைக் கழற்றவில்லை, தளர்த்தினார். முழுவதும் கழற்றினால் சில வண்டிகளில் உள்ளே இருக்கும் மரைத் தகடு தூணுக்குள் விழுந்துவிடும். பூட்டு எங்கே இடிக்கிறது என்று பார்க்க அதன் வாயில் சிவப்பாக எதையாவது தடவ வேண்டும் என்றார். அம்மா தன் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினாள். எண்ணெயில் குழைத்துத் தடவி மெதுவாகச் சாத்தினார். ஸ்ட்ரைக்கரின் அடி ஓரத்தில் பொட்டு வைத்தது போல் அடையாளம்! முன்பு இறக்கியதையெல்லாம் ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டராக மேலே ஏற்றினார். கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்துகிறது என்றால் ஸ்ட்ரைக்கரைச் சற்று வெளியே நகர்த்த வேண்டும், சாத்திய பிறகும் லொடலொடத்தால் உள்ளே. புது ரப்பர் பீடிங் போட்டிருந்தால், அது படிந்து பழகக் கொஞ்ச நாள் விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் செய்தார். தூக்கிப் பார்க்கும்போது கீல் ஆடவில்லை, ஆனாலும் கதவு இடிக்கிறது என்றால், கதவுக்கு அடியில் உள்ள சட்டத்தைப் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் எலும்பு. பம்பாய் மழையிலும் கடற்காற்றிலும் அந்தச் சட்டம் துருப்பிடித்தால் தூணே நகரும். அப்போது வெல்டிங் வேலைதான் வழி.

புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிடலாமே என்பீர்கள். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. குர்லா சி.எஸ்.டி. ரோடு பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். டாக்ஸிகள் போன பிறகு அதுவும் அரிது. உள்ளதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

வேலை முடிந்ததும் மிஸ்திரி ஒரே விரலால் கதவைத் தள்ளினார். 'டிக், டிக்.' என் சிறு வயதில் கேட்ட சத்தம். கதவை அறையாமல் சாத்துவது எப்படி என்று அப்பா காட்டியபோது கேட்ட அதே சத்தம்.

உங்கள் வண்டி பழையதோ புதியதோ, இந்த ஞாயிற்றுக்கிழமை கதவைப் பாதி திறந்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஆடினால் உடனே கவனியுங்கள். அரைகுறையாகச் சாத்தும் கதவருகே குழந்தைகளையும் பெரியவர்களையும் உட்கார வைக்காதீர்கள்.

நான் இன்னொன்றும் செய்கிறேன். வீடு வந்ததும் முதலில் நான் இறங்கி, அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கையை நீட்டுகிறேன். அம்மா கதவைப் பிடிப்பதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள்.