வேப் காயிலை நாமே சுத்தினா காசு மிச்சமா? ஆன்சைட் நண்பர்களுக்கு ஒரு முழு கணக்கு



ஆன்சைட் வாய்ப்பில் பிரிட்டன் போன நம்ம ஆட்களில், சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு மாறினவங்க இருக்காங்க. அங்கே அது சட்டப்படி கடையில் கிடைக்கிற பொருள். மாறின கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வி வரும்: "வாரத்துக்கு ஒரு காயில், 2 பவுண்ட் போகுது. கம்பியும் பஞ்சும் வாங்கி நாமே சுத்திக்கிட்டா கிட்டத்தட்ட இலவசம்தானே?"

கம்பி விலையை மட்டும் பார்த்தா ஆமாம். ஆனா லிக்விட் செலவு, வரி, நீங்க ஊர் திரும்பும் தேதி, இந்த மூணையும் சேர்த்துப் பார்த்தா பதில் மாறிடும். அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் போடப் போறோம்.

முதலில் ஒரு விஷயம். இது வேப் பிடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. பிரிட்டனின் என்.ஹெச்.எஸ். சொல்வது இதுதான்: சிகரெட்டை விட வேப்பில் தீங்கு குறைவு, ஆனா தீங்கே இல்லை என்று அர்த்தம் இல்லை. புகைபிடிக்காதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே பிடிக்கிறவங்களுக்கான செலவுக் கணக்கு இது.

காயில், விக் என்றால் என்ன?

வேப் கருவிக்குள்ளே ஒரு சின்ன கம்பிச் சுருள் இருக்கும். அது காயில். அதுக்கு நடுவுல போகும் பஞ்சுதான் விக், நம்ம விளக்குத் திரி மாதிரி. பஞ்சு லிக்விடை உறிஞ்சும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். நாளாக நாளாக பஞ்சு கருகும், கம்பியில் இனிப்புக் கரி படியும், ருசி கெடும். ரெடிமேட் காயில் என்றால் அப்படியே தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும். ரீபில்ட் செய்யும் டேங்க் என்றால் பஞ்சை மட்டும் மாத்தலாம். கம்பியைச் சுட்டு, கழுவி, சில வாரம் ஓட்டலாம்.

கத்துக்க என்ன தேவை?

வேலை கஷ்டம் இல்லை, பொறுமைதான் வேணும்.

1. 3 மில்லிமீட்டர் கம்பி முனையில் 26 கேஜ் காந்தல் கம்பியை 6 சுற்று சுத்தணும். இரண்டு கால்களையும் டேங்கின் திருகுகளில் இறுக்கி, மிச்சத்தை ஒட்ட வெட்டணும். காயில் வேறு எந்த உலோகத்தையும் தொடக் கூடாது.
2. ஓம் அளவைப் பார்க்கணும். மேலே சொன்ன அளவுக்கு சுமார் 0.8 ஓம் வரும். இரண்டு காயில் போட்டா அதில் பாதி, 0.4 ஓம்.
3. குறைந்த வாட்டில் விட்டு விட்டு சூடாக்கணும். நடுவிலிருந்து வெளியே ஒரே சீராகச் சிவக்கணும். ஒரு இடம் மட்டும் பளிச்சென்று சிவந்தா, செராமிக் இடுக்கியால் சுருளைச் சரி பண்ணணும்.
4. ஆறின பிறகு பஞ்சைச் செருகணும். இழுக்கும்போது லேசா பிடிக்கணும். ரொம்ப இறுக்கினா லிக்விட் ஏறாது, கருகும். ரொம்பத் தளர்த்தினா ஒழுகும்.
5. லிக்விட் ஊற்றி பஞ்சை முழுசா நனைத்து, சில நிமிடம் கழித்தே ஆன் பண்ணணும். பஞ்சு உள்ளே இருக்கும்போது காய்ந்த காயிலைச் சூடாக்கவே கூடாது.

இதில் காசை விடப் பெரிய ரிஸ்க் பேட்டரிதான். பள்ளியில் படிச்ச ஓம் விதி இங்கே உயிர் காக்கும் கணக்கு. முழுசா சார்ஜ் ஆன லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத கருவியில் 0.2 ஓம் காயில் போட்டா 4.2 ÷ 0.2 = 21 ஆம்பியர் இழுக்கும். 18650 செல்கள் பலவற்றின் தொடர் வரம்பு 20 ஆம்பியர் அல்லது அதற்கும் கீழே. வரம்பைத் தாண்டினா செல் சூடாகும், வெடிக்கவும் செய்யும். அதனால ஓம் காட்டும், ஷார்ட் ஆனா தானே நிற்கும் கருவி மட்டும்தான். உறை கிழிந்த செல்லைப் பயன்படுத்தாதீங்க. சில்லறை, சாவி கூட பாக்கெட்டில் போடவே போடாதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

கீழே இருக்கும் விலைகள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்க கடை விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

ஆரம்ப முதலீடு: ரீபில்ட் டேங்க் 30, கருவி 40, செல்களும் சார்ஜரும் 25, டூல்ஸ் 20. மொத்தம் 115 பவுண்ட்.

வருடச் செலவை மூன்று பேருக்குப் போடுவோம்.

அ. ரெடிமேட் காயில்: காயிலுக்கு 104 பவுண்ட். தினம் 3 மி.லி. லிக்விட், 10 மி.லி. 3 பவுண்ட் என்றால் வருடம் 329. மொத்தம் 433.

ஆ. ரீபில்ட், இரட்டைக் காயில், பெரிய புகை: கம்பி, பஞ்சு 15. தினம் 8 மி.லி., பெரிய பாட்டில் 100 மி.லி. 12 பவுண்ட் என்றால் 350. மொத்தம் 365.

இ. ரீபில்ட், ஒற்றைக் காயில், அதே 3 மி.லி.: கம்பி, பஞ்சு 15, லிக்விட் 329. மொத்தம் 344.

இரட்டைக் காயிலில் லிக்விட் ஏன் இவ்வளவு போகுது? வாட் ஏற ஏற ஒவ்வொரு இழுப்பிலும் ஆவியாகும் அளவு ஏறும். அந்த அளவு புகையில் கடுமையான நிகோடின் தொண்டையைப் பிடிக்கும். அதனால குறைந்த நிகோடின் லிக்விடுக்கு மாறுவாங்க. உடம்பு கேட்கும் நிகோடின் குறையாது, அதனால மி.லி. கூடும். கம்பியில் மிச்சம் பிடிச்சதை பாட்டிலில் விடுற கதைதான். இருந்தாலும் பெரிய பாட்டில் மலிவா இருப்பதால் இதுவரை "ஆ" ஆளுக்கு 68 பவுண்ட் லாபம்.

இங்கேதான் வரி வருது. 2026 அக்டோபர் 1 முதல் எல்லா வேப் லிக்விடுக்கும் 10 மி.லி.க்கு 2.20 பவுண்ட் வரி என்று பிரிட்டன் அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரி. இதுக்கு மேலே 20% வாட் சேர்ந்தா 10 மி.லி.க்கு 2.64. கடைக்காரர் முழு வரியையும் நம்ம தலையில் வைக்கிறார் என்று எடுத்துக்கிட்டா:

அ: 433 + 289 = 722 பவுண்ட்
ஆ: 365 + 771 = 1,136 பவுண்ட்
இ: 344 + 289 = 633 பவுண்ட்

பார்த்தீங்களா? வரி விலை மீது இல்லை, மி.லி. மீது. மலிவான பெரிய பாட்டில் வாங்கினவருக்குத்தான் அடி பலம். சிக்கனமா இருக்கேன்னு நினைச்ச "ஆ" ஆள், ரெடிமேட் ஆளை விட 414 பவுண்ட் அதிகம் கட்டுறார்.

ஊர் திரும்பும் தேதியும் கணக்கில் வரணும்

"சரி, நான் 'இ' ஆள் மாதிரி ஒற்றைக் காயில் போட்டுக்கிறேன். வருடம் 89 பவுண்ட் மிச்சம்தானே?" நல்ல கேள்வி. 115 பவுண்ட் முதலீடு திரும்பி வர 115 ÷ 89, கிட்டத்தட்ட 15 முதல் 16 மாதம் ஆகும். உங்க அசைன்மென்ட் 12 மாதம் என்றால் போட்ட காசு திரும்பாது. 24 மாதம் என்றால் மொத்த லாபம் சுமார் 63 பவுண்ட்.

"மிச்ச காலத்துக்கு ஊருக்கு எடுத்துட்டு வந்துடலாமே" என்று நினைக்காதீங்க. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம் இருக்கு. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே தடை. சட்டத்தின் வாசகம் "முழுப் பொருளாகவோ அதன் எந்தப் பகுதியாகவோ" என்கிற பொருளில் இருக்கு. முதல் குற்றத்துக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால கருவி, டேங்க், காயில் எதையும் பெட்டியில் போடக் கூடாது. நம்ம ஊரில் உட்கார்ந்து காயில் சுத்திக் கொடுத்து பார்ட் டைம் வருமானம் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம், அந்த வழியா வர்றவங்க கவனம்.

ஆடிட்டர் பாஷையில் சொன்னா, இந்தச் சொத்தின் ஆயுள் நீங்க ஃப்ளைட் ஏறும் நாளோடு முடியுது. மிச்ச மதிப்பு பூஜ்யம்.

பலர் மறக்கும் செலவு: டெர்ம் இன்சூரன்ஸ்

டெர்ம் பாலிசி விண்ணப்பத்தில் புகையிலை, நிகோடின் பழக்கம் பற்றிக் கேள்வி இருக்கும். "நான் சிகரெட் பிடிக்கலையே, வேப்தானே" என்று இல்லை போட்டுடாதீங்க. நிகோடின் எந்த வழியில் போனாலும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையில் கோட்டினின் காட்டிக் கொடுக்கும். புகைப்பவர்களுக்கான பிரீமியம் கணிசமா அதிகம்தான். ஆனா மறைச்சா என்ன ஆகும்? இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி முதல் 3 வருடத்துக்குள் உண்மையை மறைத்ததைக் காட்டி கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியும். அந்த நேரத்தில் பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க, வீட்டில் இருக்கிறவங்கதான் அலையணும். பிரீமியம் கூடினாலும் உண்மையை எழுதுங்க.

என்ன செய்யலாம்?

ஒரு மாதம் மட்டும் இரண்டு எண்களைக் குறிங்க: எத்தனை காயில் மாத்தினீங்க, எத்தனை மி.லி. லிக்விட் போச்சு. பிறகு ஊர் திரும்ப எத்தனை மாதம் இருக்கு என்று பாருங்க. 16 மாதத்துக்குக் கீழே என்றால் ரீபில்ட் செலவு வேண்டாம். அதுக்கு மேலே என்றால் ஒற்றைக் காயில், அதிக ஓம், மி.லி. ஏறாமல் பார்த்துக்கோங்க.

உண்மையில் பெரிய தொகை மி.லி.யில்தான் இருக்கு. தினம் 3 மி.லி.யை 2 ஆக்கினா வரியோடு சேர்த்து வருடம் சுமார் 206 பவுண்ட் மிச்சம், காயில் சுத்துவதில் கிடைப்பதை விட இரண்டு மடங்குக்கும் மேல். முழுசா விட்டுட்டா 722 பவுண்டும் உங்க கையில். இங்கிலாந்தில் புகையை விடுவதற்கான உதவி மையங்கள் இலவசம், அவங்ககிட்ட வேப்பையும் படிப்படியா நிறுத்த வழி கேளுங்க.

இந்தக் கணக்கை உங்க சொந்த விலையில் போட்டுப் பாருங்க. ஆன்சைட்ல இருக்கும் நண்பருக்கும் அனுப்பி வைங்க. டெர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்தை எப்படி நிரப்பணும் என்பதை சேனலில் தனி வீடியோவா பார்ப்போம்.